எட்டு மணி முதல் ஐந்து மணி வரை கனகராஜ்

காலை எட்டு மணி வரைக்கும் முனிரத்தினத்துக்கு முனிரத்தினம் என்றுதான் பேர். தோல் கம்பெனிச் சங்கு ஊதியதும் அவர் கனகராஜ் ஆகிவிடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி ஊதினால் பழையபடி முனிரத்தினம். இப்படிப் பதினேழு வருஷம். கூத்தில் வேஷம் கட்டுகிறவன்கூட விடிந்தால் முகத்தைக் கழுவிக்கொள்வான். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு.

இதில் திருட்டுத்தனம் இருப்பதாக அப்போது ஆம்பூரில் யாரும் நினைக்கவில்லை. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் நம்பர் வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்பார்கள். அது காணி நிலம் மாதிரி. அப்பனுக்கு முடியாமல் போனால் மகன், அண்ணன் வேறு வேலைக்குப் போனால் தம்பி என்று கை மாறும். கை மாறினாலும் நம்பர் மாறாது, ரிஜிஸ்டரில் பேரும் மாறாது. புதுப் பேர் எழுதினால் புது ஆள். புது ஆளுக்குக் கூலி கம்மி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். அதனால் மேஸ்திரி ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்ப்பார். அப்படிப் பார்ப்பதற்காகத் தீபாவளிக்கு ஒரு வேட்டி, பொங்கலுக்கு ஒரு வேட்டி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கன், முனிரத்தினத்தின் அக்கா சாவித்திரியைக் கட்டிய கனகராஜுடையது. அவர் நாலு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தார். 1967இல் ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்மேன் வேலை கிடைத்தது. தண்டவாளத்தோடு மல்லுக்கட்டுகிற வேலைதான், ஆனால் சர்க்கார் வேலை. போகும்போது டோக்கனை மச்சான் கையில் வைத்துவிட்டுப் போனார். அப்போது முனிரத்தினம் இருபத்து மூன்று வயது இளவட்டம், கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத்தோலை இழுக்கப் போனார். தோல் மாட்டை விடக் கனமாக இருந்தது என்று அன்று ராத்திரி சொன்னாராம்.

பேர் மாறினால் என்னென்ன மாறும் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. கனகராஜுக்கு மஞ்சள்காமாலை வந்தது, படுத்தது முனிரத்தினம். கனகராஜுக்குக் கால் எலும்பு விரிசல் விட்டது, நொண்டியது முனிரத்தினம். ஜோலார்பேட்டையில் கருங்கல் மாதிரி திரிந்துகொண்டிருந்த மனுஷன், ஆம்பூர் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி நோட்டில் ஒரு தீராத நோயாளி. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கனகராஜின் அட்டையில் மனைவி என்ற இடத்தில் சாவித்திரி என்று எழுதியிருந்தது. பி.எஃப். காகிதத்திலும் அப்படியே. அதாவது சர்க்கார் கணக்குப்படி முனிரத்தினத்துக்குக் கூடப்பிறந்த அக்காவே பெண்டாட்டி.

முதலில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முனிரத்தினத்துக்குக் கல்யாணமாகி, தனபாக்கியம் முதல் பிள்ளைக்கு உண்டாகி, டிஸ்பென்சரிக்குப் போய் உட்கார்ந்தாள். உள்ளிருந்து "சாவித்திரி" என்று கூப்பிட்டார்கள். யாரையோ என்று இருந்தாள். நாலாவது தடவை கூப்பிட்டபோதுதான் தன்னை என்று புரிந்தது. எழுந்தாள், உள்ளே போகவில்லை, வெயிலோடு நடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றாள். அந்தத் தமாஷுக்கு அவள் வீட்டில் அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று.

1984 தொடக்கத்தில் கம்பெனியை மூடினார்கள். ஒருநாள் காலையில் சங்கு ஊதவில்லை, கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னார்கள், தெரியாதவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். முனிரத்தினத்துக்குக் கிடைக்க வேண்டியது பி.எஃப். பணம் ஒன்றுதான். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த கவுஸ் பாஷா, பெங்களூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறார். ஒன்பது சைக்கிள், பம்பு, சாமான், இடம் எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னார். பக்ரீத் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். முனிரத்தினம் லீவு நாட்களில் அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டிப் பழகியவர். சுண்ணாம்பு தின்ற விரல்களை வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்கு மேல் வேறு எந்த முதலாளியும் சேர்க்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடைதான் இனி அவருக்குச் சோறு.

ஃபாரம் எழுதிக் கொடுத்தவர் கம்பெனி கிளார்க் நயீம் அகமது. இரண்டு மாசம் எந்த வேலையும் இல்லாமல் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம், எங்கேயும் வேலை செய்ததாகத் தெரியக்கூடாது என்று கண்டித்துச் சொன்னார். வாழ்க்கையில் சும்மா இருந்தே அறியாத முனிரத்தினம், இரண்டு மாசம் சும்மா இருப்பதற்குப் பாடாய்ப் பட்டார். கவுஸ் பாஷா கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார், பேன்ட் போட்ட ஆள் யாராவது வந்தால் ட்யூபைக் கீழே போட்டுவிட்டு வாடகைக்கு வந்தவர் மாதிரி சைக்கிள் மணியை அடித்துப் பார்ப்பார்.

இரண்டு மாசம் முடிந்து ஃபாரம் மெட்ராசுக்குப் போயிற்று. வைகாசி போயிற்று. ஆனியும் பாதி போயிற்று. ஒரு பதிலும் இல்லை. முனிரத்தினம் மெட்ராஸ் ஆபீசைத் தினமும் திட்டினார். பெயர் தெரியாத குமாஸ்தாவின் குலத்தையே இழுத்தார். தன் சொந்தக் காரியமாக மெட்ராஸ் போன நயீம் அகமது அங்கே விசாரித்துக்கொண்டு வந்தார். ஆபீசிலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது, இரண்டும் திரும்பிப் போயிருக்கிறது. இந்த முகவரியில் கனகராஜ் என்று யாரும் இல்லை என்று தபால்காரர் எழுதி அனுப்பியிருக்கிறார்.

அந்தத் தபால்காரர் பன்னிரண்டு வருஷமாக அதே தெருவுக்கு வருகிறவர். நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று. முனிரத்தினம் அவரை வழிமறித்துக் கேட்டார்.

"கனகராஜ்னு லெட்டர் வந்தா எங்கிட்ட குடுக்க வேண்டியதுதானே?"

"நீ எப்பய்யா கனகராஜ் ஆன?"

எட்டு மணிக்கு என்று சொல்ல முடியுமா. தபால்காரர் பேரில் தப்பே இல்லை. ஊரிலேயே ஒழுங்காக வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

மூன்றாவது கடிதத்தை நயீம் அகமது தன் வீட்டு முகவரிக்கு வரவழைத்தார். கனகராஜ் என்ற பேரில் பாங்க்கில் ஒரு கணக்குத் திறந்து நம்பரை எழுதி அனுப்ப வேண்டும், பணம் அதில் சேரும் என்று எழுதியிருந்தது. முனிரத்தினத்துக்குத் தபால் ஆபீசில் ஒரு கணக்கு இருந்தது, அது முனிரத்தினம் பேரில். பாங்க்குக்குப் போனால், ஏற்கெனவே கணக்கு உள்ள யாராவது இவரைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவருக்குத் தெரிந்து பாங்க்கில் கணக்கு வைத்திருந்தவர் கவுஸ் பாஷா ஒருவர்தான்.

கவுஸ் பாஷா ஃபாரத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சைக்கிள் வேணும்னா நாளைக்கே கடனுக்கு ஓட்டிக்கினு போ. முனிரத்தினத்தைக் கனகராஜ்னு என் கையால எழுத முடியாது. கோவிச்சுக்காத தோஸ்த்."

முனிரத்தினம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு நல்ல காரணம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ஏறி ஜோலார்பேட்டைக்குப் போனார். கனகராஜ் மாமாவே தன் பேரில் ஒரு கணக்குத் திறந்து நம்பர் கொடுத்தால் போதும், பணம் வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது யோசனை. சாவித்திரி குவார்ட்டர்ஸ் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கனகராஜ் எல்லாவற்றையும் கேட்டார். பீடியைப் பற்ற வைத்தார், இழுக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். கேங்மேனிலிருந்து ஒரு படி மேலே, கீமேன் ஆகிற லிஸ்டில் அவர் பேர் வந்திருந்த சமயம் அது.

"நான் ரயில்வேல சேரும்போது பழைய வேலைய வுட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துக்கிறேன்டா முனி. இப்ப இந்த வருஷம் வரைக்கும் ஆம்பூர்ல தோல் இழுத்தேன்னு காகிதம் வந்தா, ஒரே ஆளு ரெண்டு எடத்துல சம்பளம் வாங்கினான்னு ஆவும். வேலை போயிடும். என்ன வுட்டுடு."

முனிரத்தினம் தலையை ஆட்டினார். சாவித்திரி முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தம்பிக்குச் சோறு போட்டு, திரும்பிப் போகிற டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து அனுப்பினாள். அந்தக் காசை வாங்கும்போது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வாங்காமல் இருந்தால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டார்.

கடிதங்கள் திரும்பிப் போனதில் மெட்ராஸ் ஆபீசுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகமான பேர்களையெல்லாம் நேரில் பார்க்க ஆடி மாசம் ஒரு ஆபீசர் வந்தார். மூடிய கம்பெனியின் ஆபீஸ் அறையைத் திறந்து பெருக்கி, ஒரு மேஜை போட்டார்கள். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி, ஆனால் பாடம் தங்கள் பேரும் அப்பன் பேரும்தான். முனிரத்தினமும் முடிவு பண்ணித்தான் வந்திருந்தார். நான்தான் கனகராஜ் என்று சொல்லிவிடுவது. பதினேழு வருஷமாகச் சொல்லாததா.

ஆபீசர் கையெழுத்துப் போடச் சொன்னார். முனிரத்தினத்துக்கு எழுதத் தெரிந்த ஒரே பேர் கனகராஜ். சம்பள நாளில் போடுவதற்காக நயீம் அகமது கற்றுக்கொடுத்தது. சொந்தப் பேருக்கு இன்றைக்கும் கைநாட்டுதான். கூசாமல் போட்டார். ஆபீசர் சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வருஷா வருஷம் அதே கோணல், அதே சுழி. திருப்தியாகத் தலையசைத்தார்.

"அப்பா பேரு?"

"கோவிந்தசாமி." அது கனகராஜின் அப்பா. செத்துப்போன மனுஷன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

"சம்சாரம் பேரு?"

முனிரத்தினம் வாயைத் திறந்தார். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பாசஞ்சர் வண்டியில் திரும்பும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். இதுவரை யாரோ எழுதினார்கள், யாரோ படித்தார்கள், அவர் வாயால் ஒருதரமும் சொன்னதில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை கண்ணில் வந்தது.

"தனபாக்கியம்," என்றார்.

ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார். "இங்க சாவித்திரின்னு இருக்கே?"

பின்னால் கதவண்டை நின்ற ஒருவர், ரெண்டாம் தாரம்னு சொல்லித் தொலைடா என்று இருமுகிற மாதிரி சொல்லிக் கொடுத்தார். நல்ல யோசனைதான். ஒரே ஒரு வார்த்தை. ஒன்பது சைக்கிள், பம்பு, சாமான், இடம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அக்கா முதல் தாரம் ஆகிவிடுவாள், அன்றைக்கு வெயிலில் நடந்து போனவள் இரண்டாம் தாரம் ஆகிவிடுவாள். காகிதத்தில்தான். ஆனால் காகிதத்தில் ஏறியது எப்படி வீட்டுக்குள் வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"சாவித்திரி எங்க அக்கா சார்," என்றார். "நான் கனகராஜ் இல்ல."

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். கனகராஜ் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றார் முனிரத்தினம். கூடப்பிறந்த அக்காவின் புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாதா என்று ஆபீசர் மறுபடி கேட்டார். தெரியாது சார் என்று மறுபடியும் சொன்னார். அன்றைக்கு அவர் ஆசைப்பட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆபீசர் கெட்டவர் இல்லை. பதினைந்து நாள் கழித்து மிச்சப் பேரை விசாரிக்கத் திரும்ப வருவேன், அப்போது அந்தக் கனகராஜும் வந்து, இன்ன வருஷம் வரைக்கும் நான், அதற்குப் பிறகு இவர் என்று எழுதிக் கொடுத்தால் மேலே எழுதிப் பார்க்கலாம் என்றார். வராவிட்டால் அந்தக் கணக்கு அப்படியே கிடக்கும், யாரும் எடுக்க முடியாது. முனிரத்தினம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரை முறைத்தார்கள். இவர் உண்மை பேசியதால் தங்கள் குட்டும் உடையும் என்ற பயம் அவர்களுக்கு.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். தனபாக்கியம் கேட்டுக்கொண்டே சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவர் பாதி சாப்பிட்ட பிறகுதான் பேசினாள்.

"ரெண்டாம் தாரம்னு மட்டும் சொல்லிட்டு வந்திருந்தீன்னா, இந்த வாசப்படிய தாண்ட வுட்டிருக்க மாட்டேன்யா."

"அதான் சொல்லலியே."

"அதான் சோறு போட்டேன்."

மறுநாள் காலையில் அவள் வீட்டில் இல்லை. கிழக்கே தாய்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று முனிரத்தினம் நினைத்தார். அவள் மேற்கே ஜோலார்பேட்டை வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே குவார்ட்டர்சில் என்ன பேசினார்கள் என்பது அவருக்குக் கடைசி வரைக்கும் முழுசாகத் தெரியாது. கனகராஜ் வேலை போய்விடும் என்றதாகவும், சாவித்திரி முறத்தைக் கீழே வைத்ததாகவும், "என் தம்பி என்னைப் பொண்டாட்டின்னு சொல்ல மனசு வராம பதினேழு வருஷத்த வுட்டுட்டு வந்திருக்கான், நீ ஒரு கையெழுத்துக்குப் பயப்படுறியா" என்றதாகவும் கேள்வி. அதற்கு மேல் தனபாக்கியம் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் கனகராஜ் சாவித்திரியோடு வந்தார். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார், ரயில்வே கார்டைச் சட்டைப் பையில் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று முடிவு பண்ணினவர் மாதிரி நடந்து வந்தார். முனிரத்தினம் ஓடிப்போய், "நீ எதுக்கு மாமா வந்த? போயிடு," என்றார். கனகராஜ் அவர் தோளில் கை வைத்து ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போனார். 1967 வரைக்கும் நான், பிறகு என் மச்சான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடியவில்லை. யார் யாருடைய புருஷன் என்று, கூட வந்து வாசலில் நின்ற பெண்கள் இருவரும் வாயால் சொல்ல வேண்டும் என்றார் ஆபீசர். தனபாக்கியம், எங்க வீட்டுக்காரர் என்று கையைக் காட்டினாள். பேரைச் சொல்லச் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. ரத்தினக்கல்லைக்கூட வெள்ளைக்கல் என்றுதான் சொல்வாள். சாவித்திரி, அவளுக்குப் பதில் நான் சொல்கிறேன் சார் என்று முன்னே வந்தாள். அது செல்லாது என்றார் ஆபீசர்.

"முனிரத்தினம்," என்றாள் தனபாக்கியம். சத்தமாகவே சொன்னாள். "எழுதிக்குங்க சார். இன்னொரு வாட்டி சொல்ல மாட்டேன்."

பிறகு சாவித்திரியின் முறை. தம்பி பேரை நான் சொல்கிறேன் என்று முன்னே வந்தவள், தன் புருஷன் பேருக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் சொன்னாள். கனகராஜ் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். முனிரத்தினம் வெளியே வந்து, தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஷெட்டின் பூட்டிய சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கண்ணில் தூசி விழுந்தது என்றார். அந்தக் கம்பெனியில் எட்டு மாசமாக ஒரு தூசியும் பறக்கவில்லை.

பணம் உடனே வரவில்லை. காகிதம் மேலே போய், இன்னும் மேலே போய், இறங்கி வர அடுத்த சித்திரை ஆயிற்று. பக்ரீத்துக்கு மறுவாரம் கவுஸ் பாஷா கடையை வாணியம்பாடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுப் பெங்களூர் போனார். போகிற அன்றைக்கு வந்து, சொன்ன வாக்குப்படி பக்ரீத் வரைக்கும் காத்திருந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கனகராஜின் நாலு வருஷப் பங்கு அவர் பேருக்கும், மிச்சம் முனிரத்தினம் பேருக்கும் வந்தது. அந்தப் பணத்தில் முனிரத்தினம் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய சைக்கிள் நாலு வாங்கி வாடகைக்கு விட்டார். ஒன்பது இல்லை, நாலுதான். அதில் ஒன்றுக்கு மணி இல்லை.

ஜோலார்பேட்டையில் வேலை போகவில்லை. மெமோ கொடுத்து விசாரித்து, கீமேன் லிஸ்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள், ஒரு வருஷம் சம்பள உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அது மாசத்துக்கு எவ்வளவு என்று முனிரத்தினம் நயீம் அகமதுவிடம் போய்க் கணக்குக் கேட்டுக்கொண்டார். மாசா மாசம் அந்தத் தொகையை மணியார்டர் பண்ணினார். முதல் மாசம் சாவித்திரி வாங்காமல் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் மாசமும் திரும்பி வந்தது. முனிரத்தினம் அதே பணத்தோடு மறுபடி தபால் ஆபீஸ் போனார். அவருக்கும் சும்மா விடுகிற குணம் இல்லை.

மூன்றாம் மாசம் கனகராஜ் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த ரசீதின் ஓரத்தில் அவர் கையால் சின்னதாக எழுதியிருந்தது. தபால்காரரே நின்று அதைப் படித்துக் காட்டினார்: "வந்தது. இங்கே மழை இல்லை. அக்கா சண்டை போடுகிறாள், மற்றபடி நலம்."